15, 30, 40: டென்னிஸ் கணக்கில் தீராத பாக்கி

டென்னிஸில் முதல் புள்ளி எடுத்தால் 15. அடுத்தது 30. அதற்கடுத்தது 45 ஆக வேண்டும்; நடுவரோ 40 என்று அறிவிக்கிறார். ஒன்றுமே எடுக்காதவர் கணக்கில் ‘லவ்’. இருவரும் நாற்பதில் நின்றால் ‘டியூஸ்’. கால்பந்திலும் ஹாக்கியிலும் இறகுப்பந்திலும் ஒன்றுக்குப் பிறகு இரண்டுதான் வருகிறது. இங்கே மட்டும் ஏன் இப்படி? தொலைக்காட்சியில் முதல்முறை டென்னிஸ் பார்க்கும் பிள்ளை கேட்கிற இந்தக் கேள்வியை, பிரெஞ்சு அரச நூலகத்தின் காப்பாளர் ழான் கோஸ்லான் 1579இல் ஒரு சிறு நூலாகவே எழுதிக் கேட்டார். அவர் காலத்திலேயே ஆடுகிறவர்களுக்கு விடை தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு விடைகளுக்குப் பஞ்சமில்லை. கடிகாரம், வானியல், களத்தின் நீளம், வெள்ளிக்காசு என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அவற்றை எடைபோடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. இங்கே இருப்பது நான்கு கேள்விகள். கணக்கு ஏன் பதினைந்து பதினைந்தாக ஏறுகிறது? ஏன் நான்கு புள்ளியில் ஒரு கேம் முடிகிறது? நாற்பத்தைந்தில் இருந்த ஐந்து எங்கே போனது? ஒன்றும் இல்லாததற்கு ஏன் லவ்? ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டு நான்குக்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான கொள்கைகளின் கோளாறு.

முதல் சாட்சிகள்

இன்றைய டென்னிஸ் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புல்தரையில் பிறந்தது. அதன் கணக்கு அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பிரான்சில் மடாலய முற்றங்களிலும் தெருக்களிலும், பின்னர் அரண்மனைக் கூடங்களிலும் ஆடப்பட்ட உள்ளங்கைப் பந்தாட்டத்திலிருந்து அது வந்தது. முதலில் வெறுங்கை, பிறகு கையுறை, அதன் பிறகே மட்டை.

அந்த ஆட்டத்தின் கணக்கைப் பற்றிய பழைய சாட்சிகள் விதிநூல்களில் இல்லை, கவிதைகளில் கிடைக்கின்றன. 1415இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஹார்ஃப்ளர் நகரை முற்றுகையிட்டு, பிறகு அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையை வென்றார். அந்தப் படையெடுப்பைப் பாடும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாடல் ஒன்றில் பீரங்கிகள் டென்னிஸ் ஆடுகின்றன. ஒரு பீரங்கி பதினைந்து என்கிறது, அடுத்தது முப்பது என்கிறது, மூன்றாவது நாற்பத்தைந்து என்கிறது. கல்குண்டுதான் பந்து, நகரின் மதிலும் வீட்டுக் கூரைகளும்தான் களம். கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு முன்பே பழக்கமாக இருந்தால்தான் இந்தக் கிண்டல் எடுபடும்.

இரண்டாவது சாட்சி அதே போரில் தோற்ற பக்கத்திலிருந்து வருகிறது. ஓர்லியான் கோமகன் ஷார்ல் அஜின்கோர்ட்டில் சிறைப்பட்டு 25 ஆண்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். கவிஞர். 1394இல் பிறந்தவர், தன் நாற்பத்தைந்தாம் வயதை வைத்து ஒரு பாடல் எழுதினார். அதில் அவர் முதுமையோடு பந்தாடுகிறார். தன் கணக்கு 45 என்கிறார். இன்னும் ஒரு வீச்சில் ஆட்டம் முடிந்துவிடும் என்பது குறிப்பு. சும்மா ஆடவில்லை, பணயம் வைத்து ஆடுகிறோம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்தச் சின்னச் சேர்க்கை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மூன்றாவது சாட்சி அறிஞர் எராஸ்மஸ். மாணவர்கள் லத்தீன் பேசிப் பழகுவதற்காக அவர் எழுதிய உரையாடல்களின் 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் பந்தாட்டக் காட்சி ஒன்று வருகிறது. முப்பது ஆயிற்று, நாற்பத்தைந்து ஆயிற்று என்று ஒருவன் கூவ, காசிலா என்று மற்றவன் கேட்கிறான். இல்லை, வெறும் எண்தான் என்று பதில் வருகிறது. எண்ணுவதற்கு எதுவும் இல்லாதபோது எண் எதற்கு என்று இவன் மடக்குகிறான்.

இந்த மூன்று சாட்சிகளிலும் மூன்றாம் புள்ளி 45தான். இது சிறிய விவரம் போலத் தெரிந்தாலும், வரப்போகும் கொள்கைகளில் பாதியைக் கீழே தள்ளுவது இதுதான்.

கடிகார முள்

மிகப் பரவலாகச் சொல்லப்படுவது கடிகாரக் கதை. ஆட்டத்தின் கணக்கைக் காட்ட ஒரு கடிகார முகப்பை வைத்து, புள்ளிக்குக் கால் வட்டமாக முள்ளை நகர்த்தினார்களாம்: 15, 30, 45, வட்டம் நிறைந்தால் கேம். பிறகு, நாற்பதுக்கு நாற்பது என்ற நிலையில் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்று விதி வந்ததால், 50இல் ஒரு முறை நின்று 60க்குப் போக வசதியாக 45ஐ 40ஆகக் குறைத்தார்களாம்.

அழகாக இருக்கிறது, அதுதான் சந்தேகத்துக்குக் காரணம். பீரங்கிப் பாடல் எழுதப்பட்ட காலத்துக் கோபுரக் கடிகாரங்களில் பொதுவாக ஒரே முள்தான், மணியைக் காட்டும் முள். 1650களில் டச்சு அறிவியலாளர் ஹாய்கன்ஸின் ஊசல் கடிகாரம் வந்த பிறகே நிமிட முள் பரவலாயிற்று. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பது வானியலாருக்குத் தெரியும். முகப்பைப் பார்த்து 15, 30, 45 என்று படிக்கும் பழக்கம் 15ஆம் நூற்றாண்டுப் பந்தாட்டக்காரருக்கு இருந்திருக்கும் என்று நம்புவது கடினம். முன்னிலைக்காக 45 குறைந்தது என்பதும் நிற்காது. சமநிலை விதியும் 45உம் ஒரே காலத்தில் சேர்ந்தே புழங்கியிருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பழைய எண்ணுக்குப் பொருள் சொன்னார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வானமும் நிலமும்

எண்ணுக்கு எண்ணிலிருந்தே காரணம் தேடிய மரபு ஒன்று 16ஆம் நூற்றாண்டில் இருந்தது. இத்தாலியில் அந்தோனியோ ஸ்கைனோ 1555இல் பந்தாட்டம் பற்றி முழு நூல் எழுதினார். ஆட்டத்தில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்க்கப் போய், ஆட்டம் முழுவதையும் தத்துவ ஒழுங்கில் அடுக்கிவிட்டவர். வெற்றியைத் தரம் பிரித்து, அந்தத் தரங்களிலிருந்து 15ஐ வருவிக்கப் பார்த்தார். வாசிப்பவருக்கு மலைப்பு ஏற்படும், நம்பிக்கை ஏற்படாது.

கோஸ்லானின் விடை அதைவிடத் தெளிவானது. வானவட்டத்தின் ஆறில் ஒரு பங்கு 60 பாகை. அதை நான்காகப் பிரித்தால் 15. நான்கு வீச்சு, நான்கு பதினைந்து, மொத்தம் 60. இதோடு நிலம் அளக்கும் பழைய ரோமானிய அளவையும் ஓர் இணையாகக் காட்டினார். பிற்காலத்தில் இதை நீட்டியவர்கள், ஆறு கேம் கொண்ட ஒரு செட்டில் ஆறு அறுபதுகள் சேர்ந்து 360 ஆகி வட்டம் நிறைகிறது என்றும் சொன்னார்கள். அறுபது நாழிகை கொண்ட நாளையும் அறுபது ஆண்டுச் சுற்றையும் அறிந்த தமிழ் வாசகருக்கு அறுபது ஒரு ‘நிறைந்த எண்’ என்பதில் வியப்பு இருக்காது. இடைக்கால ஐரோப்பாவிலும் அறுபதுக்கு அந்தப் பெருமை இருந்தது.

ஆனால் பெருமை வேறு, ஆட்டக் கணக்கு வேறு. வானவட்டத்தை அளந்தவர்கள் படித்த சிலர். பந்தை அடித்தவர்கள் தெருப்பிள்ளைகள், துறவிகள், கைவினைஞர்கள். இவர்களிடம் அந்த அளவை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குக் கோஸ்லானிடம் விடை இல்லை. அவர் வாழ்ந்தது நூல்களுக்கு நடுவே. வானியலிலும் ஈடுபாடு கொண்டவர். கேள்வி அவரிடம் போனதும் வானியல் விடையாக வந்தது. கடிகாரம் பெருகிய காலத்தில் கடிகாரம் விடையாயிற்று. இந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது: எண் மாறாமல் நிற்கிறது, விளக்குபவரின் கையிலிருக்கும் கருவி மாற மாற விளக்கம் மாறுகிறது.

களத்தில் பதினைந்து அடி

இன்னொரு கொள்கை களத்தையே அளக்கிறது. வலைக்கு இந்தப் பக்கம் 45 அடி. புள்ளி எடுத்தவர் 15 அடி முன்னே வந்து சர்வீஸ் போடுவார். மறுபடி 15 அடி. மூன்றாவது முறை வலையை மிகவும் நெருங்கிவிடாமல் 10 அடி மட்டும். ஆகவே 15, 30, 40 என்கிறார்கள்.

இதைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். நாற்பதை விளக்கப் புனைந்த கதை இது. பழைய கணக்கிலோ நாற்பதே கிடையாது. உள்ளங்கை ஆட்டத்தில் தூரத்துக்கு வேலை இருந்தது என்னவோ உண்மை. பந்து இரண்டாம் முறை தரையில் விழுந்த இடத்தைக் குறித்துவைத்து, பிறகு அந்த இடத்துக்காகப் போட்டியிடுவார்கள். அந்த மரபில் இன்றும் ஆடப்படும் உள்ளரங்க டென்னிஸில் தரையெங்கும் கோடுகள் இருக்கின்றன. தூரக் கொள்கை இந்த நினைவிலிருந்து முளைத்திருக்கலாம்.

அப்படியானால் ஐந்து எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை ஏறக்குறைய உறுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் முன் கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஆட்டம் இது. ‘நாற்பத்தைந்து’ நீளம், ‘நாற்பது’ போதும். பேச்சு தேய்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். அமெரிக்கப் பூங்காக் களங்களில் இன்றும் பலர் பதினைந்தைச் சுருக்கி ‘ஐந்து’ என்கிறார்கள். ‘ஐந்து–லவ்’ என்று ஒருவர் கூவினால் எதிரில் நிற்பவர் குழம்புவதில்லை. நாற்பத்தைந்துக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்க வேண்டும்.

காசுக் கணக்கு

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் முன்னாள் சாம்பியன் மால்கம் விட்மன் 1932இல் டென்னிஸின் தோற்றப் புதிர்களைத் தொகுத்து நூல் எழுதினார். அதற்குப் பின் இத்துறையில் அதிகம் உழைத்தவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹைனர் கில்மைஸ்டர். 1990இல் வெளிவந்த அவருடைய டென்னிஸ் பண்பாட்டு வரலாறு, கேள்வியைக் கணிதத்திலிருந்து சூதாட்டத்துக்குத் திருப்பியது.

இடைக்காலத்தில் பந்தாட்டம் பணயம் இல்லாமல் நடந்ததில்லை என்றே சொல்லலாம். பிரான்சில் ஒன்பதாம் லூயி 1266இல் வெளியிட்ட தூர் நகரத்துப் பெரிய வெள்ளிக்காசு ஒரு கட்டத்தில் 15 தெனியே மதிப்புக்குப் புழங்கியது. தெனியே என்பது சில்லறைக் காசு. ஒரு வீச்சுக்கு ஒரு வெள்ளி பணயம் என்றால், ஜெயித்தவர் கணக்கு 15, 30, 45 என்றுதான் ஏறும். நான்காவது வெள்ளியோடு 60. சில ஜெர்மன் நகரங்களின் சூதாட்டக் கட்டுப்பாடுகளில் 60 காசு பணய உச்சவரம்பாக இருந்ததையும் கில்மைஸ்டர் சேர்த்துக் காட்டுகிறார். நான்கு வீச்சில் கேம் ஏன் முடிகிறது என்பதற்கும் அப்போது ஒரு காரணம் கிடைக்கிறது: அதற்கு மேல் வைத்தால் சட்டம் பிடிக்கும்.

சாட்சிகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஷார்ல் தன் 45ஐச் சொன்ன கையோடு பணயத்தைச் சொல்கிறார். எராஸ்மஸின் மாணவன் எண்ணைக் கேட்டதும் காசிலா என்கிறான். அந்த எண்ணில் காசு வாடை அடிக்காவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

ஆனாலும் பலவீனங்கள் உண்டு. அந்த வெள்ளிக்காசு வெளியானபோது அதன் மதிப்பு 12 தெனியே, பதினைந்தானது பிறகு. காசின் மதிப்பு அரசர்களின் தேவைக்கு ஏற்பக் கூடிக் குறைந்தது. ஆட்டத்தில் மட்டும் 15 என்ற ஒரு மதிப்பு உறைந்துபோனதற்கு, அந்த மதிப்பு நிலவிய காலமும் இடமும் பந்தாட்டம் பரவிய காலமும் இடமும் பொருந்த வேண்டும். ஒரு வீச்சுக்கு ஒரு வெள்ளி என்று எழுதிவைத்த கணக்கேடு எதையும் இந்தக் கொள்கை முன்வைக்கவில்லை. அது சூழலைக் காட்டுகிறது, சம்பவத்தைக் காட்டவில்லை.

முட்டையா, மானமா?

லவ் என்ற சொல்லைக் கேட்டுத் தமிழ்க் காதுகள் ஒரு கணம் புன்னகைப்பது வழக்கம். காதலுக்கும் பூஜ்யத்துக்கும் என்ன உறவு?

பிரபலமான விடை: பிரெஞ்சில் முட்டைக்கு ‘லெஃப்’, பூஜ்யம் முட்டை வடிவம், ஆங்கிலேயர் வாயில் அது லவ் ஆயிற்று. பரீட்சையில் ‘முட்டை வாங்கினான்’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை நம்ப ஒரு நொடிகூட ஆகாது. கிரிக்கெட்டின் ‘டக்’ வாத்து முட்டையின் சுருக்கம் என்பதும் துணைக்கு வருகிறது. சிக்கல் என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஆட்டத்தில் முட்டை என்று எண்ணியதற்குத் தடயமே இல்லை. இன்றும் அவர்கள் ‘பதினைந்து–பூஜ்யம்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லாத சொல்லை ஆங்கிலேயர் எங்கிருந்து கடன் வாங்கினார்கள்?

இரண்டாவது விடை ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. காசு வைக்காமல், ஆட்டத்தின் மேலுள்ள பிரியத்துக்காக ஆடுவதை ‘லவ்வுக்காக ஆடுவது’ என்று 17ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லிவந்தார்கள். ஒன்றும் எடுக்காதவர், பாவம், பிரியத்துக்காக மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார். இந்தச் சொல் கணக்கில் புகுந்த பழைய பதிவு டென்னிஸில்கூட இல்லை, சீட்டாட்டத்தில் இருக்கிறது: எட்மண்ட் ஹாய்ல் 1742இல் விஸ்ட் ஆட்டத்துக்கு எழுதிய கையேட்டில்.

மூன்றாவது விடை மறுபடியும் கில்மைஸ்டருடையது. டச்சு, ஃபிளெமிஷ் மொழிகளில் ‘லோஃப்’ என்றால் புகழ், மானம். காசுக்கு ஆடாமல் மானத்துக்கு ஆடுவது. அந்தப் பகுதியிலிருந்து ஆட்டத்தோடு சொல்லும் இங்கிலாந்துக்குக் கடல் கடந்தது என்பது அவர் ஊகம். ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்துகிறது. கடல் கடந்த வழிதான் தெளிவாக இல்லை.

இரண்டும் மூன்றும் வேர்ச்சொல்லில் மோதிக்கொண்டாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுமில்லை என்பது இங்கே காசில்லை என்பதுதான். 15 காசாக இருந்தால் லவ் காசில்லாமை. நான்கு கேள்விகளில் மூன்றை ஒரே கயிற்றில் கட்டுவது காசுக் கொள்கை மட்டுமே. என் எடை அந்தப் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

டியூஸில் இவ்வளவு தகராறு இல்லை. இன்னும் இரண்டு புள்ளி வேண்டும் என்ற பொருளில் பிரெஞ்சில் ‘இரண்டுக்கு’ என்று சொன்னதன் ஆங்கிலத் திரிபு அது. வேடிக்கை, பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். இன்று ‘சமம்’ என்கிறார்கள். ஜெர்மானியரிடமும் சொந்தச் சொல் இருக்கிறது. தாய்வீட்டில் மறந்த சொல்லை ஆங்கிலேயர் காப்பாற்றி உலகுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

1877: மூன்று பேர் எடுத்த முடிவு

இந்தப் பழைய கணக்கு நம் காலம் வரை வந்ததே ஒரு விபத்து என்று சொல்ல இடமுண்டு. 1874இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்று விற்ற புல்வெளி ஆட்டத்தில் 15, 30 எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி 15 எடுத்தவர் வென்றார். சர்வீஸ் போடுகிறவர்தான் புள்ளி எடுக்க முடியும். அடுத்த ஆண்டு எம்.சி.சி. கிரிக்கெட் சங்கம் வகுத்த விதிகளும் அதையே வைத்துக்கொண்டன.

1877இல் விம்பிள்டனில் முதல் போட்டிக்கு விதி எழுத மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: ஜூலியன் மார்ஷல், ஹென்றி ஜோன்ஸ், சி. ஜி. ஹீத்கோட். மார்ஷல் பழைய உள்ளரங்க டென்னிஸின் வரலாற்றாசிரியர். அவருடைய நூல் அடுத்த ஆண்டே வந்தது. ஜோன்ஸ் ‘கேவண்டிஷ்’ என்ற புனைபெயரில் விஸ்ட் சீட்டாட்டத்துக்கு இலக்கணம் எழுதியவர். இவர்கள் எளிய எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு அரண்மனைக் கூடத்தின் 15, 30, 40ஐப் புல்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு 22 பேர் ஆடி, ஸ்பென்சர் கோர் வென்றார். அந்த மேசையில் வேறு மூவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

அதிகம் எடுத்தவர் தோற்கும் கணக்கு

எளிதாக்கும் முயற்சிகள் பிறகும் நடந்தன. அமெரிக்காவின் ஜேம்ஸ் வான் ஆலன் 1, 2, 3 என்று எண்ணும் முறையை முன்வைத்தார். அது தோற்றது, அதோடு வந்த டை-பிரேக், அதாவது சமமாக இழுபடும் செட்டைச் சுருக்கி முடிக்கும் முறை, வென்றது. 1970இல் அமெரிக்க ஓபனும் 1971இல் விம்பிள்டனும் அதை ஏற்றன. ஆனால் விம்பிள்டனின் கடைசி செட்டுக்கு மட்டும் நீண்ட காலம் அது பொருந்தவில்லை. 2010இல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடியது அதனால்தான். கடைசி செட் 47–47ஐத் தொட்டபோது களத்தின் மின்பலகை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ணும்படி அதை யாரும் அமைத்திருக்கவில்லை. செட் 70–68இல் முடிந்தது.

அந்த ஆட்டத்தில் மஹூ எடுத்தது 502 புள்ளி, இஸ்னர் 478. வென்றவர் இஸ்னர். 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்திலும் இப்படியே: ஃபெடரர் 218, ஜோகோவிச் 204, கோப்பை ஜோகோவிச்சுக்கு. புள்ளிகள் கேமாகவும், கேம்கள் செட்டாகவும் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டு முடிந்ததும் மீதி அழிக்கப்படுவதால் இது நடக்கிறது.

கணக்கின் தோற்றத்தை விட்டுவிட்டு, அது ஏன் பிழைத்தது என்று கேட்பவர்கள் இந்த அமைப்பையே விடையாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் உள்ள ஒருவருக்கு ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 62 சதவீதம், செட்டை வெல்லும் வாய்ப்பு 81. சிறு திறமை வேறுபாட்டைக் கணக்கு பெருக்கிக் காட்டுகிறது. அதே சமயம் பின்தங்கியவருக்குக் கடைசிப் புள்ளி வரை வழி அடைபடுவதில்லை. ஏற்கத்தக்க வாதம்தான். ஆனால் இது நான்கு புள்ளிக்கும் இரண்டு புள்ளி முன்னிலைக்கும் தரும் நியாயம்; பதினைந்துக்கு அல்ல. 1, 2, 3 என்று எண்ணினாலும் இதே சதவீதங்கள்தான் வரும்.

எஞ்சி நிற்பவை

நாற்பது என்பது நாற்பத்தைந்தின் தேய்வு என்பதைப் பெரும்பாலும் தீர்ந்த விஷயமாகக் கொள்ளலாம். கடிகாரத்தையும் களத்தின் அடிக்கணக்கையும் ஒதுக்கிவிடலாம். அறுபது நிறைந்த எண் என்ற கோஸ்லானின் வாதம் தனியாக நிற்காவிட்டாலும், காசுக் கொள்கைக்குப் பின்னணியாக உயிரோடு இருக்கிறது. பணயத்துக்கு அறுபதை வரம்பாக வைக்கத் தோன்றியதே அந்த எண்ணின் பெருமையால் இருக்கலாம். லவ்வின் வேர் இங்கிலாந்திலா, ஃபிளாண்டர்ஸிலா என்பது திறந்தே கிடக்கிறது.

பழைய கணக்கின் தடயங்கள் இன்னும் சில ஊர்களில் ஆட்டமாகவே உயிரோடு இருக்கின்றன. ஸ்பெயினின் வலென்சியாவில் தெருவில் ஆடும் கைப்பந்தாட்டத்தில் 15, 30 என்று எண்ணுகிறார்கள். மூன்றாம் புள்ளிக்கு எண்ணே இல்லை, தனிச்சொல் இருக்கிறது. பெல்ஜியத்தின் சதுக்கங்களில் 15, 30, 40. அங்கிருந்து வடக்கே, நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டத்தில் 2, 4, 6 என்று ஏறி நான்காவது வீச்சில் கேம் முடிகிறது. நான்கு வீச்சு அங்கேயும் இருக்கிறது, பதினைந்து இல்லை. வீச்சுக்கு 2 என்ற அந்த எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காசு இருந்ததா என்பதே காசுக் கொள்கைக்கு எஞ்சியிருக்கும் கடினமான சோதனை.